அட்டர்னி ஜெனரலின் ‘ஆனால்’

நான் சட்டம் படித்தவளல்ல. தொல்காப்பியச் செய்யுளியலில் ஆய்வு செய்து பட்டம் வாங்கி, இருபது வருடமாகக் கல்லூரியில் தமிழ் நடத்திவருகிறேன். எந்தச் செய்தியைப் படித்தாலும் முதலில் கண்ணில் படுவது அதன் வாக்கிய அமைப்புதான். அகப்பாட்டுக்கு உரை சொல்லும்போது கூற்று, கேட்போர், களன், முன்னம் என்று பிரித்துப் பார்க்கச் சொல்லித்தருகிறோம் அல்லவா, அந்தப் பழக்கம் காலைச் செய்தித்தாள் வரைக்கும் கூடவே வந்துவிடுகிறது. இந்தக் கட்டுரையும் ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான். நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட வாக்கியம். சொன்னவர் இந்தியாவின் அட்டர்னி ஜெனரல்.

நெருக்கடிநிலைக் காலம். விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறது. முடியும் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. அவற்றை எதிர்த்து ஒன்றிய அரசு மேல்முறையீடு செய்கிறது. ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு என்று பின்னால் பெயர் பெற்றது இதுதான். 1975ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அந்த விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்கிறார்: காவல்துறை அதிகாரி ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால், உங்கள் வாதப்படி அதற்கும் நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா? நெருக்கடிநிலை நீடிக்கும்வரை இல்லை என்கிறார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. உங்கள் மனசாட்சி அதிரலாம், என் மனசாட்சியும் அதிர்கிறது, ஆனால் என் வாதத்தின்படி இது குறித்து எந்த நீதிமன்ற நடவடிக்கையும் எடுக்க இயலாது என்று முடிக்கிறார்.

இந்த வாக்கியத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள். முதல் பாதியில் நிரேன் டே என்ற மனிதர். இரண்டாம் பாதியில் அரசு. நடுவில் ஒரு ‘ஆனால்’ உட்கார்ந்திருக்கிறது. தமிழில் ‘ஆனால்’ என்பது பிறப்பில் ஒரு நிபந்தனைச் சொல். ‘ஆகுமென்றால்’ என்பதுதான் அதன் பழைய பொருள். மழை நின்றது ஆனால் போவோம் என்றால், நின்றால் போவோம் என்று அர்த்தம். காலப்போக்கில் அது முன்னால் சொன்னதைத் தள்ளிவிட்டுப் பின்னால் வருவதைத் தூக்கி நிறுத்தும் சொல்லாக மாறிவிட்டது. மனசாட்சியை ‘ஆனாலு’க்கு முன்னால் வைத்தால் அது தள்ளிவிடப்படுவதற்காகவே வைக்கப்படுகிறது. மனசாட்சியே இல்லாமல் வாதிட்டவரைவிட, அதை எடுத்துக் காட்டிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டவரிடம் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது.

நீதிபதிகள் அதிர்ந்துபோய் எதிராகத் தீர்ப்புச் சொல்லட்டும் என்றே அவர் அவ்வளவு அப்பட்டமாகச் சொன்னார் என்று இரக்கப்பட்டும் வாசிக்கலாம். அப்படியும் வாசித்துப் பார்த்தேன். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அதிரவில்லை. 1976 ஏப்ரல் 28 அன்று அரசு ஜெயித்தது. கன்னா ஒருவர்தான் மாறுபட்டார். அடுத்த ஜனவரியில் பணிமூப்பில் அவருக்குக் கீழே இருந்தவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். அவர் பதவி விலகினார்.

தீர்ப்பு வருவதற்கு எட்டு வாரம் முன்பு, கேரளத்தில் கக்கயம் காவல் முகாமில் ராஜன் என்ற பொறியியல் மாணவன் சித்திரவதையில் செத்துப்போயிருந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. கன்னா ஓர் உதாரணத்துக்குக் கேட்ட கேள்வி அங்கே நடந்துகொண்டிருந்தது. அப்பா ஈச்சரவாரியர் என்னைப் போல ஒரு கல்லூரி ஆசிரியர்தான். நெருக்கடிநிலை விலக்கப்பட்ட 1977 மார்ச்சில்தான் அவரால் ஆட்கொணர்வு மனுவோடு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் என்னால் தாண்ட முடியாத இடம், ராஜனின் அம்மா ராதா பற்றியது. மகன் இறந்ததை அவரிடம் சொல்லாமலே காலம் கழித்திருக்கிறார்கள். மகன் எங்கே என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஆட்கொணர்வு மனு என்பதைச் சட்டப் புத்தகத்தில் எப்படி வேண்டுமானாலும் விளக்கட்டும், அதன் சாரம் அந்த அம்மாவின் கேள்விதான்: என் பிள்ளை எங்கே? அந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு வாசல் இல்லை என்பதுதான் அட்டர்னி ஜெனரலின் வாதம். தீர்ப்புக்குப் பிந்தைய மே மாதத்தில் கைதானவர் சிநேகலதா ரெட்டி. மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆஸ்துமாவோடு பெங்களூர் மத்திய சிறையில் கிடந்து, வெளியே விட்ட சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்துபோனார். அவருக்கும் அந்த வாசல் மூடியிருந்தது.

சட்டம் பற்றித் தமிழில் ஒரு பெண் எழுதினால் இந்த இடத்தில் கண்ணகி வந்தாக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நான் அழைக்கப்போவதில்லை. கண்ணகியின் வழக்கில் அரசன் நேரே உட்கார்ந்து பதில் சொன்னான். நம் வழக்குகளில் அரசன் வருவதே இல்லை. அவன் குரல் மட்டும் கறுப்பு அங்கியில் வருகிறது.

அந்தக் குரல் யாருடையது? அரசியல் சட்டத்தின் 76ஆம் பிரிவு, உச்ச நீதிமன்ற நீதிபதியாவதற்குத் தகுதியுள்ள ஒருவரைக் குடியரசுத் தலைவர் அட்டர்னி ஜெனரலாக நியமிப்பார் என்கிறது. அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது அவர் கடமை. நாட்டின் எல்லா நீதிமன்றங்களிலும் பேசும் உரிமை அவருக்கு உண்டு. குடியரசுத் தலைவர் விரும்பும்வரை பதவியில் இருப்பார். விரும்பும்வரை என்றால் அரசு விரும்பும்வரை. சொலிசிட்டர் ஜெனரல் பதவி அரசியல் சட்டத்திலேயே இல்லை, இது இருக்கிறது. மாநிலங்களில் இதற்கு இணையாக அட்வகேட் ஜெனரல். 88ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அட்டர்னி ஜெனரல் பேசலாம், வாக்களிக்க முடியாது. பேசும் உரிமை தரப்பட்டிருக்கிறது, அமைச்சரைப் போல அங்கே நின்று கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை தரப்படவில்லை. அமெரிக்காவில் இதே பெயருள்ளவர் நீதித் துறையின் அமைச்சர். நம்முடையவர் அமைச்சரும் இல்லை, அரசு ஊழியரும் இல்லை. அரசுக்கு எதிராக வழக்கெடுக்கக் கூடாது என்பது போன்ற சில தடைகளோடு இயங்கும் மூத்த வழக்கறிஞர்.

அமைச்சரை நாடாளுமன்றத்தில் கேட்கலாம். அதிகாரியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இவரிடம்? 2015 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதே என்றார். 2017 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. அவருக்கும் அரசுக்கும் இடையே இருப்பது அடிப்படையில் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையே உள்ள உறவு, ஆகவே அவர் பொது அதிகார அமைப்பு அல்ல என்பது காரணம். ஆக, அவர் அரசுக்குத் தனியறையில் என்ன சொன்னார் என்பது நமக்குத் தெரியாது. நீதிமன்றத்தில் சத்தமாகச் சொல்வது மட்டும் தெரியும். தனியறையில் ‘இது தவறு’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு வெளியில் ‘இதுவே சரி’ என்று வாதிடவும் வழியிருக்கிறது. ஒரு பதவியின் பொறுப்புடைமையை எடைபோட அந்தப் பதவி வாய்விட்டுப் பேசிய வாக்கியங்களைத் தவிர வேறு பிரதி இல்லையென்றால், அது என்னைப் போன்ற இலக்கண வாத்தியாரின் வேலையும்தானே.

2017ஆம் ஆண்டு மே மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். அப்போது அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி. மாதத் தொடக்கத்தில், வருமான வரி பான் எண்ணோடு ஆதாரை இணைக்கக் கட்டாயப்படுத்தலாமா என்ற வழக்கு. என் விரல்ரேகையும் கண்மணியும் என்னுடையவை என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. தன் உடல்மீது ஒருவருக்கு முழு உரிமை உண்டு என்பது ஒரு கற்பனை என்று அட்டர்னி ஜெனரல் பதில் சொல்கிறார். தற்கொலை செய்துகொள்ள உரிமை உண்டா, போதைப்பொருள் எடுத்துக்கொள்ள உரிமை உண்டா என்று கேட்கிறார். நாளிதழ்கள் இதைப் புதிய அதிர்ச்சியாக எழுதின. எனக்குச் சிரிப்புதான் வந்தது. உன் உடம்பு முழுசாக உன்னுடையதில்லை என்பதை வயதுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுவந்தவர்கள் நாம். இந்த முறை அதைக் குடிமக்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார்கள், ஆண்களுக்கும் வலித்தது.

அதே மாதத்தின் நடுவில் முத்தலாக் வழக்கு, ஷாயரா பானு தொடுத்தது. அதே அட்டர்னி ஜெனரல் எழுந்து, முஸ்லிம் பெண்களின் சமத்துவத்துக்காகவும் கண்ணியத்துக்காகவும் வாதிட்டார். தலாக் முறைகள் எல்லாவற்றையும் நீதிமன்றம் செல்லாதென்று சொன்னால் அரசு புதுச் சட்டமே கொண்டுவரும் என்றார். முத்தலாக் ஒழிய வேண்டியது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. அதற்காகப் போராடியவர்கள் முஸ்லிம் பெண்களே. நான் கேட்பது வேறு. மாதத் தொடக்கத்தில் முழு உரிமையற்றதாக இருந்த உடல் இரண்டு வாரத்துக்குள் எப்படிக் கண்ணியத்துக்கு உரியதானது?

அந்த ஆகஸ்டில் மூன்று சம்பவங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நடந்தன. 22ஆம் தேதி முத்தலாக் செல்லாது என்ற தீர்ப்பு. 24ஆம் தேதி அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்ற புட்டசாமி தீர்ப்பு. நிரேன் டே ஜெயித்துக்கொடுத்த ஜபல்பூர் தீர்ப்பு செல்லாது என்று 41 ஆண்டுகள் கழித்து அறிவித்ததும் அதே தீர்ப்புதான். அதே மாதக் கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசின் பிரமாணப் பத்திரம்: திருமண உறவுக்குள் நடக்கும் வல்லுறவைக் குற்றமாக்கினால் திருமணம் என்ற அமைப்பே நிலைகுலையலாம், கணவர்களைத் துன்புறுத்த அது எளிய கருவியாகிவிடும். சிறுமிகள் பற்றிய இன்னொரு வழக்கும் அந்த ஆண்டில் நடந்தது. 15 வயதிலிருந்து 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு கணவன் உறவுகொண்டால் வல்லுறவாகாது என்ற விதிவிலக்கை அரசு காப்பாற்றப் பார்த்தது. நாட்டில் 2.3 கோடி குழந்தை மணப்பெண்கள் இருக்கிறார்கள் என்பதையே காரணமாகக் காட்டியது. குற்றம் அவ்வளவு பெரிது, ஆகவே குற்றமாக்காதீர்கள். உச்ச நீதிமன்றம் அந்த அக்டோபரில் இதை ஏற்க மறுத்து, வயதை 18 ஆக்கியது.

பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடுபவர் துறை அதிகாரி, வாதிடுபவர்கள் சட்ட அலுவலர்கள் என்ற வேறுபாடு எனக்குத் தெரியும். பல வழக்குகளில் வந்து நிற்பவர் அட்டர்னி ஜெனரல் அல்ல, சொலிசிட்டர் ஜெனரல். டெல்லி வழக்கில் 2022 பிப்ரவரியில் மாநிலங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும், அவகாசம் வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். நீதிமன்றம் காத்திருக்க மறுத்தது. மே 11ஆம் தேதி இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 அக்டோபரில் அங்கே அரசு தாக்கல் செய்த பத்திரத்தை நான் இரண்டு முறை படித்தேன். மனைவியின் சம்மதத்தை மீற எந்தக் கணவனுக்கும் அடிப்படை உரிமை இல்லைதான் என்று ஒப்புக்கொள்கிறது. அப்புறம் வருகிறது நம்முடைய பழைய இடைச்சொல். ஆனால் அதை வல்லுறவு என்று அழைப்பது மிதமிஞ்சிய கடுமையாகும். நிரேன் டேயின் வாக்கியம்தான் இது. அதே எலும்புக்கூடு, வேறு சதை. தலைமை நீதிபதி ஓய்வுபெறவிருந்ததால் விசாரணை தள்ளிப்போனது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அந்த விதிவிலக்கு பத்திரமாக ஏறி உட்கார்ந்துவிட்டது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் நேர்மையாக எழுதியவளாக மாட்டேன். இந்தப் பதவி பெண்களுக்காக எழுந்து நின்ற சந்தர்ப்பங்களும் உண்டு. இரண்டுமே கே.கே. வேணுகோபால் காலத்தில்.

2020 ஜூலையில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து அத்துமீறியவனுக்கு ஒரு நிபந்தனையோடு ஜாமீன் கொடுத்தது. ரக்‌ஷா பந்தன் அன்று மனைவியோடும் இனிப்போடும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், கையில் ராக்கி கட்டிவிடச் சொல்லி, அண்ணன் சீராக 11,000 ரூபாய் கொடுக்க வேண்டும். தொட்டவனை அண்ணனாக்கிவிடும் வித்தை. நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் தொட்டவனுக்கே கட்டிவைக்கும், அங்கே அண்ணனாக்குகிறார்கள். இரண்டிலும் அவள் அவனுக்கு ஏதோவொரு உறவாகியே தீர வேண்டும். ஒன்பது பெண் வழக்கறிஞர்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அட்டர்னி ஜெனரலின் உதவியைக் கேட்டது. அவர் எழுதிக்கொடுத்த குறிப்பு அந்த ஆணையைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. நீதிபதிகளுக்குப் பாலினப் பயிற்சி வேண்டும் என்றது. உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் உள்ள 1,113 நீதிபதி இடங்களில் பெண்கள் 80 பேர்தான், அவர்களில் உச்ச நீதிமன்றத்தில் இரண்டே பேர் என்று கணக்குக் காட்டியது. 2021 மார்ச் 18 அன்று வந்த தீர்ப்பு ராக்கி ஆணையை ரத்து செய்தது.

மற்றது 2021 ஜனவரியில். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, 12 வயதுச் சிறுமியின் மார்பை ஆடைக்கு மேலாக அழுத்தியவனைப் போக்ஸோ சட்டத்தின் பாலியல் தாக்குதல் பிரிவிலிருந்து விடுவித்தது. தோலோடு தோல் படவில்லையாம். எந்த மாநில அரசும் சொல்லி அனுப்பாமலே அட்டர்னி ஜெனரல் தாமாக உச்ச நீதிமன்றத்தில் இதை எழுப்பினார், தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. அறுவைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒருவன் பெண்ணின் உடம்பு முழுவதையும் தடவிவிட்டுத் தண்டனையின்றிப் போகலாமா என்று விசாரணையில் அவர் கேட்டார். அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கையுறையைச் சொன்ன அந்த வாதத்தில் ‘ஆனால்’ இல்லை. அதையும் கவனித்தேன்.

நாக்பூர் தீர்ப்பை எழுதியவர் பெண் நீதிபதி. அதைச் செல்லாமலாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் முதன்மையான பகுதியை எழுதியவரும் பெண் நீதிபதி. எதிர்த்துப் போன அட்டர்னி ஜெனரல் ஆண். ஆகவே அந்த நாற்காலியில் ஒரு பெண்ணை உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் 1950இல் எம்.சி. சீதல்வாட் தொடங்கி இன்றுவரை அந்த நாற்காலியில் ஒரு பெண்கூட உட்காரவில்லை. கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவிக்கே முதல் பெண்ணாக இந்திரா ஜெய்சிங் 2009இல்தான் வந்தார். பெண் நீதிபதிகள் 80 பேர் என்று கணக்கெடுத்த பதவி, தன் சொந்தப் பட்டியலில் பெண் எத்தனை என்று எண்ணியிருந்தால் பூஜ்ஜியம் வந்திருக்கும்.

இந்தச் சம்பவங்களை எல்லாம் ஒருசேர வைத்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இதுதான்: ராக்கி வழக்கிலும் கையுறை வழக்கிலும் தவறு செய்தது நீதிமன்றம். அரசின் கொள்கைக்கு அதில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதனால் மனசாட்சியால் தங்குதடையின்றிப் பேச முடிந்தது. முத்தலாக்கில் பெண்ணின் கண்ணியமும் அரசின் அரசியலும் ஒரே திசையில் போயின. திருமணம், குடும்பம், கணவனின் படுக்கை என்று வரும்போது அரசுக்குக் கொள்கை வந்துவிடுகிறது. சட்ட அலுவலரின் வாயில் ‘ஆனால்’ வந்துவிடுகிறது. அரசுக்கு அக்கறையில்லாத இடத்தில் மட்டும் சுதந்திரமாக இருக்கும் மனசாட்சியை அந்தப் பதவியின் சுயேச்சை என்று புகழ எனக்கு வாய் வரவில்லை.

வழக்கறிஞர் நண்பர்கள் இதற்குச் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். வழக்கறிஞர் கட்சிக்காரரின் வாய். கொலைகாரனுக்கும் வாதாட ஆள் வேண்டாமா, அரசுக்கு வேண்டாமா? நியாயமான பேச்சு. பிறருக்காகப் பேசுவது எப்படி என்பதில் தமிழுக்கு இரண்டாயிரம் வருடப் பயிற்சி உண்டு. அகத்திணையின் தோழி அதுவே தொழிலாகக் கொண்டவள். தலைவிக்காகப் பேசுவாள், மறைப்பாள், பொய்யும் சொல்வாள். வேறிடத்தில் மணம் பேசித் தலைவிக்கு ஆபத்து வரும்போது மறைப்பதை நிறுத்திச் செவிலியிடம் உண்மையைச் சொல்லிவிடுவாள். இலக்கணம் அதற்கு வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். தோழியை நான் புனிதமாக்கவில்லை. அந்த அறம் கற்பு என்ற வேலிக்குள் தலைவியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அறம்தான், வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் பாடத்தை முடிப்பதில்லை. ஆனால் தான் யாருக்காகப் பேசுகிறோம் என்பதில் தோழிக்கு ஒருபோதும் குழப்பம் வந்ததில்லை. அட்டர்னி ஜெனரலின் தலைவி யார்? அன்றைக்கு ஆட்சியிலிருக்கும் அமைச்சரவையா, பதவியைப் படைத்த அரசியல் சட்டமா? அமைச்சரவைதான் என்றால், அரசியல் சட்டத்தில் அவருக்குத் தனிப் பிரிவு எதற்கு? நல்ல வக்கீலாகப் பார்த்து அமர்த்திக்கொண்டால் போதுமே.

அறத்தொடு நிற்றல் இந்தப் பதவியில் முடியாத காரியமும் அல்ல. முந்த்ரா விவகாரத்தை 1958இல் நீதிபதி சாக்ளா விசாரித்தபோது ஆணையத்துக்கு உதவ வந்தவர் அட்டர்னி ஜெனரல் சீதல்வாட். அரசைக் காப்பாற்றும் வக்கீலாக அவர் நடந்துகொள்ளவில்லை, அமைச்சரின் பொறுப்பை வெளிப்படையாகவே பேசினார். நிதியமைச்சராக இருந்த நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பதவியைவிட்டு இறங்கியவர்களும் உண்டு. நெருக்கடிநிலை அறிவித்த சில நாட்களிலேயே கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் ஃபாலி நாரிமன் ராஜினாமா செய்தார். பிரிட்டனில் 2003 மார்ச்சில் ஈராக் போரைச் சட்டப்படி சரியென்று அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் நாடாளுமன்றத்துக்குச் சொன்னார். பத்து நாள் முன்பு பிரதமருக்குத் தந்த நீண்ட ஆலோசனையில் இருந்த சந்தேகங்கள் எதுவும் அந்தச் சிறிய பதிலில் இல்லை. அந்த ஆலோசனை முழுதாக வெளியே வர இரண்டு வருடம் ஆனது. வெளியுறவுத் துறையில் ஏறக்குறைய முப்பது வருடம் பணியாற்றிய துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், இந்தப் போர் சட்டப்படியானது என்று தன்னால் ஒப்புக்கொள்ள முடியாது என்று கடிதம் எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

எல்லோரும் ராஜினாமா செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. அரசின் பெயரில் பெண்களின் உடல் பற்றி ஒரு வாதம் வைக்கப்படும்போது, அந்த அறிவுறுத்தல் எந்தத் துறையிலிருந்து வந்தது, யாரைக் கலந்துகொண்டு வந்தது என்று நீதிமன்றத்திலேயே சொல்லப்படட்டும். சட்ட ஆலோசனைகள் ஒரு காலவரம்புக்குப் பின் வெளியிடப்படட்டும். 88ஆம் பிரிவு தரும் வாசல் வழியாக அவர் நாடாளுமன்றத்துக்குள் வந்து, தான் வைத்த வாதத்துக்கு அங்கேயும் பதில் சொல்லட்டும். மனசாட்சி அதிர்கிறது என்றால் அந்த அதிர்ச்சி எழுத்தில் வந்து கோப்பில் ஏறட்டும்.

இவ்வளவு கேட்கிற எனக்கு அந்த ‘ஆனால்’ அந்நியமானதல்ல.

முன்பு நான் வேலை பார்த்த கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழுவில் இருந்தேன். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி ஓர் ஆசிரியர்மீது எழுத்தில் புகார் கொடுத்தாள். குழு மூன்று முறை கூடியது. அவள் சொன்னதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. தமிழ் நன்றாக எழுதுவேன் என்பதால் அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. கையெழுத்துக்கு முந்தின நாள் நிர்வாகத்தின் சட்ட ஆலோசகர் துறைக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். மரியாதையான மனிதர். “மேடம், உங்க மனசுல என்ன இருக்கோ அதை முதல் வரியில எழுதிக்கங்க. ரெண்டாவது வரிய மட்டும் நான் சொல்ற மாதிரி போட்டுடுங்க” என்றார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. மாணவிக்கு நேர்ந்த மன வேதனையைக் குழு முழுமையாக உணர்கிறது என்று எழுதினேன். ஆனால், புகாரை நிறுவப் போதிய சான்றுகள் கிடைக்கப்பெறவில்லை என்று எழுதினேன். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம்.

விதிப்படி அறிக்கையின் நகலை அவளிடம் கொடுத்தார்கள். மறுநாள் மதியம் அதோடு துறை வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“மேடம், இத நீங்கதான எழுதினீங்க?”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல மேடம். ஒத்தெல்லாம் சரியா இருந்துச்சு.”